தனியாக அழத் தெரியாதவர்

அண்ணி ஒற்றை எழுத்தில் பதில் சொன்ன அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. அதுவரை என்னிடம் இருந்ததெல்லாம் கோபம். கொரோனாவின் மேல் கோபம், பயணத்தடையின் மேல் கோபம், நல்லா இருந்த என் அண்ணனை அள்ளிக்கொண்டு போன விதியின் மேல் கோபம். அன்று காலை தையல் மெஷினில் உட்காரும் முன் வழக்கம்போல அண்ணிக்குப் போன் போட்டேன். "சாப்பிட்டீங்களா அண்ணி?" என்றேன். "ம்" என்றார். தூங்கினீர்களா என்று கேட்டேன். அதற்கும் "ம்". கத்தாரிலிருந்து மகன் பேசினானா என்றேன். அதற்கும் அதே "ம்". பின்னால் யார் வீட்டுச் சேவலோ கூவியது. போனை வைத்துவிட்டு வெகுநேரம் மெஷினை மிதிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணியைத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த "ம்" எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், எல்கடுவப் பக்கத்து மலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மருமகளாக வந்தவர் அவர். வந்த மறுவாரமே கொழுந்து எடுக்கப் போய்விட்டார். மலையில் இந்த வரிசையில் நின்றுகொண்டு எதிர்ச்சரிவில் இருப்பவளிடம் குழம்புக்கு என்ன வைத்தாய் என்று விசாரிக்கிற குரல். அண்ணி ஒரு சத்தம் போட்டால் காலில் ஏறிய அட்டைகூடத் தானாக விழுந்துவிடும் என்று அண்ணன் கேலி செய்வார். சண்டை என்றாலும் வாய்தான், சந்தோஷம் என்றாலும் வாய்தான். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம் என்பதால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்த வருஷங்களில் அண்ணன் பாதி நேரம் வாசலில்தான் உட்கார்ந்திருப்பார். தோட்டத்து லாரி ஓட்டிச் சேர்த்த காசில் அவர் உக்குவளையில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு வாங்கினார். அங்கே போன பிறகும் அண்ணி பஸ் ஏறி மலைக்கு வேலைக்குப் போய்வந்தார். முழங்கால் இனி முடியாது என்று சொன்ன பிறகுதான் வீட்டில் இருந்தார். மகன் கத்தாருக்குப் போனான். நான் கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று அலுவிகாரையில் ஓர் அறை எடுத்து, பள்ளிக்கூட உடுப்புத் தைத்துப் பிழைக்கிறவள். கொரோனா வந்து பள்ளிக்கூடங்களைப் பூட்டியதும் மாஸ்க் தைத்தேன்.

அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது, மூச்சு வாங்கியது, அம்புலன்ஸ் வந்தது. வாசலில் அவர் தன் காலால் நடந்துதான் வண்டியில் ஏறினார். அண்ணிக்குக் கை காட்டிவிட்டு, கோழிக்குத் தீனி வைக்க மறந்துடாதே என்றாராம். அவ்வளவுதான். கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தபோது அண்ணி வீட்டுக்குள் தனிமைப்படுத்தப்பட்டிருந்தார். கதவில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. படி இறங்கக் கூடாது. ஆகவே, பெண்கள் போகிற வழக்கம் இல்லாவிட்டாலும், அனுமதி வாங்கிக்கொண்டு சுடலைக்கு நான்தான் போனேன். தூர நின்று பார்த்துவிட்டு வந்தேன். மறுநாள் மாஸ்க் கேட்டு ஆள் வந்தது, தைத்துக் கொடுத்தேன்.

உக்குவளை வீட்டில் ஒன்றுமே நடக்கவில்லை. எங்கள் நாட்டில் ஒரு சாவு வீட்டை யாரும் யாருக்கும் காட்டித்தர வேண்டியதில்லை. சந்தி தொடங்கி வெள்ளைக்கொடி கட்டியிருப்பார்கள், பந்தல் போட்டிருப்பார்கள், கதிரைகள் வந்திருக்கும். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று யார் வீட்டுச் சாவானாலும் அழைப்பில்லாமல் போய் உட்காருவது இங்கே பழக்கம். அண்ணன் செத்ததற்குக் கொடி இல்லை, பந்தல் இல்லை, பிரேதமும் வரவில்லை. எட்டு இல்லை, பதினாறு இல்லை. தனிமைப்படுத்தல் நாள் முடிந்தும் கதவில் ஒட்டிய காகிதம் அப்படியே இருந்தது. அக்கம்பக்கத்தவர்கள் முதலில் பயத்தில் வரவில்லை. பயம் போனபோது, இவ்வளவு நாள் போகாமல் இருந்துவிட்டு இனி எந்த முகத்தோடு போவது என்று வரவில்லை. உள்ளே அண்ணி நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு, இரண்டு கோப்பையில் பால் சேர்க்காத பிளேன்டீ ஊற்றி, ஒன்றை மூடி வைத்துக்கொண்டிருந்தார். அது எனக்கு மகன் சொல்லித்தான் தெரியும். வீடியோவில் அந்தக் கோப்பையைப் பார்த்துவிட்டு அவன் பாலைவனத்தில் ஒரு கட்டடத்துக்குக் கீழே நின்று அழுதிருக்கிறான். "அத்தை, அம்மாவ எப்படியாச்சும் பாத்துக்கங்க" என்றான். அலுவிகாரைக்கு வந்து என்னோடு இருங்கள் என்று நானும் கூப்பிடாத நாள் இல்லை. ஒரே ஒரு தடவைதான் அதற்குப் பதில் சொன்னார். "அவரு வந்தா வீடு பூட்டிக் கெடக்குமே, புள்ள."

நான் லேசில் விடுகிற ஆள் இல்லை. என்னுடையது உடும்புப் பிடி என்று அண்ணனே சொல்வார். அன்பாகப் பேசிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன். பழைய சண்டைகளை வேண்டுமென்றே கிளறினேன். பலாக்காய்க் கறிக்கு உங்களுக்கு உப்புப் போடவே தெரியாது என்றேன். முன்பென்றால் அரைமணி நேரம் கிழித்திருப்பார். "ம்" என்றார். ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு டாக்டரிடம் போனில் பேசினேன். பொறுமையாகக் கேட்ட அந்த டாக்டரம்மா, துக்கம் வெளியே வர வழியில்லாமல் அடைபட்டிருக்கிறது, சாப்பாடும் தூக்கமும் நின்றுபோனால் தாமதிக்க வேண்டாம், எப்படியாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். எப்படிக் கூட்டிக்கொண்டு போவது? அண்ணியோ படி இறங்க மாட்டேன் என்கிறார். மகன் எனக்கு அனுப்பிய வீடியோப் படத்தில் அவர் முகம் எலும்பும் தோலுமாய் இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போனால் அண்ணனுக்குப் பின்னாலேயே அவரும் போய்விடுவார் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அந்த வீட்டில் இன்னொரு சாவு விழ விடமாட்டேன் என்று மெஷினைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். அந்த நாட்களில் நான் பேசுவதற்கு அந்த மெஷின்தான் இருந்தது.

ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் போனில் கத்திவிட்டேன். கல்லா அண்ணி நீங்க, ஒரு சொட்டாவது அழுதுதான் தொலையுங்களேன் என்றேன். போனை வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். அப்புறம் மெதுவாக, யாரோ தூக்கத்தில் பேசுவதுபோல அண்ணியின் குரல் வந்தது.

"தனியா அழ எனக்குத் தெரியாது, புள்ள."

அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு அன்று பூராவும் யோசித்தேன். உண்மைதானே! எங்கள் லயங்களில் எந்தப் பெண் தனியாக அழுதிருக்கிறாள்? சாவு விழுந்தால் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோளோடு தோள் கட்டிக்கொண்டு, ஒருத்தி ஒப்பாரியைத் தொடங்க மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். புருஷனைப் பறிகொடுத்தவளை நடுவில் வைத்து ஆட்டி, இழுத்து, அவள் வாய்விட்டுக் கதறும்வரை விடமாட்டார்கள். அவள் கதறிய பிறகுதான் தண்ணீர் கொடுப்பார்கள். அண்ணி எத்தனையோ பெண்களை அப்படி அழ வைத்தவர். அவருக்கு என்று வரும்போது ஒருத்தி இல்லை. சரி, அழுவதற்கு ஆள்தானே வேண்டும், ஆளைக் கொண்டுவருகிறேன் என்று முடிவு செய்தேன்.

அண்ணியோடு ஒரே வரிசையில் கொழுந்து எடுத்தவர்களில் மேட்டு லயத்து அக்கா என்று ஒருவர் உண்டு. ஒப்பாரிக்கு அந்த மலையில் அவர்தான். ஊரடங்கென்றாலும் தோட்டத்தில் வேலை நிற்கவில்லை. மாஸ்க் போட்டுக்கொண்டு தள்ளித் தள்ளி நின்று கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். கொழுந்து நிறுத்து முடிந்ததும் நாலைந்து பேராக நின்று போனில் ஒப்பாரி வைக்க வேண்டும், நான் அண்ணிக்குக் கேட்கச் செய்கிறேன் என்றேன். அக்கா அதிர்ந்துபோனார். சாவு விழாத இடத்தில் ஒப்பாரி வைத்தால் அந்த லயத்தில் சாவு விழும், இப்போது இருக்கிற இருப்புக்கு அதை வேறு கூப்பிட்டு வைப்பதா என்றார். எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனால் அவர் குரலில் இருந்த பயம் நிஜம், அதோடு வாதாட முடியாது. அவர் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மறுநாள் மறுபடி எடுத்தேன். அதற்கு மறுநாளும் எடுத்தேன். கடைசியில் வழியைக் கண்டுபிடித்ததும் அக்காதான். எங்கள் பக்கம் பெண்கள் சுடலைவரை போவதில்லை. பாதி வழியில் ஒரு இடத்தில் நின்று, அங்கேயே கடைசியாக அழுது தீர்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். தோட்டத்தில் அது ஒரு சவுக்குமரத்தடி. அந்த இடம் எந்த லயத்துக்கும் சொந்தமில்லை, அங்கே அழுதால் யாருக்கும் குற்றமில்லை என்றார் அக்கா. மேடான இடம், அங்கே போன் சிக்னலும் நன்றாகக் கிடைக்கும். "ஒங்க அண்ணன அங்கன வரைக்கும்கூடக் கொண்டு வந்து விடலையே நாங்க" என்று சொல்லும்போதே அக்காவின் குரல் உடைந்தது.

இனி நான் உக்குவளைக்குப் போக வேண்டும். பயணத்தடையில் பஸ் இல்லை, ரயில் இல்லை. மாத்தளை டவுனில் மாஸ்க் கொடுக்கப் போகும்போது, சுற்றியுள்ள ஊர்களுக்கு ஆட்டோவில் பாண் ரொட்டி விற்கும் ஒருவரைப் பார்ப்பேன். உக்குவளைக்காரர், சிங்களவர், வயது ஐம்பதைத் தாண்டியவர். பயணத்தடையிலும் ஓட அவருக்கு அனுமதி இருந்தது. அந்த ஆட்டோக்களை நம் நாட்டில் தெரியாதவர் இல்லை. பின்னால் கண்ணாடிப் பெட்டி, மேலே ஒலிபெருக்கி, அதில் ஓயாமல் ஒரே மெட்டு. அதைக் கேட்டால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஒரு ஆள் வெளியே வரும். என்னை உக்குவளைவரை ஏற்றிப் போக முடியுமா என்று சிங்களத்தில் கேட்டேன். காரணத்தைக் கேட்டார், மறைக்காமல் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். அண்ணனை அவருக்குத் தெரியும், தினமும் இரண்டு பணிஸ் வாங்குகிற மனுஷன் என்றார். பிறகு, அந்தச் சின்னப் போனின் சத்தம் காது அடைத்துப்போன பெண்ணுக்கு எட்டுமா, என் ஒலிபெருக்கியில் போட்டுக்கொள் என்றார். பணிஸ் வாசனைக்கு நடுவில், முழங்காலில் பாண் தட்டை வைத்துக்கொண்டு உக்குவளைக்குப் போய்ச் சேர்ந்தேன். வழியில் இரண்டு பாணை நசுக்கிவிட்டேன்.

சந்துக்குள் நுழையும்போது பழக்க தோஷத்தில் அவர் மெட்டைப் போட்டுவிட்டார். அண்ணி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி மெட்டை நிறுத்தினார். நான் சவுக்குமரத்தடியில் காத்திருந்த அக்காவுக்குப் போன் போட்டு, அதை ஒலிபெருக்கியில் இணைத்தேன். அண்ணி கதவைத் திறந்து படியில் நின்றார். முடி வாரவில்லை. சேலை தோளில் நிற்கவில்லை. என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல ரயில் பாதைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் மெட்டைக் கேட்ட சந்து முழுக்க வெளியே வந்துவிட்டது. எதிர்வீட்டு ராத்தா, முஸ்லிம்கள் மூத்த சகோதரியை அப்படித்தான் கூப்பிடுவார்கள், கையில் பிரம்புக்கூடையோடு நின்றார். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா சில்லறையை எண்ணிக்கொண்டே வந்தார். பாண் வாங்க வந்தவர்கள் எல்லோரும் அவரவர் வாசலில் பையும் கையுமாக நிற்க, பாண் ஆட்டோவின் உச்சியிலிருந்து மேட்டு லயத்து அக்காவின் ஒப்பாரி எழுந்தது.

பையோடு வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். யாரோ ஒரு பிள்ளை சிரித்தது, தாய் அதன் வாயைப் பொத்தினாள். மலையில் காற்று அடித்த இரைச்சலும் சேர்ந்து கேட்டது. அக்கா தொடங்க, மற்றப் பெண்கள் பின்னால் இழுத்தார்கள். அண்ணி அசையவில்லை. இதுவும் பலிக்காவிட்டால் என்னிடம் வேறு வழி இருக்கவில்லை. ஒப்பாரியில் செத்தவரைப் புகழ்வது முறை. கஞ்சனைக் கர்ணன் என்பார்கள், முரடனைத் தங்கம் என்பார்கள், யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அக்காவும் அந்த முறைப்படி அண்ணனைப் புகழ்ந்துகொண்டே போய்,

"சாராயம் தொடாத ராசா – எங்கள
சாய்ச்சிப்புட்டுப் போனீங்களே"

என்று இழுத்தார். அண்ணியின் தலை சட்டென்று திரும்பியது.

"ஏ அக்கா, பொய் சொல்லாத. சம்பள நாள்ல குடிப்பாரு."

எத்தனையோ நாளைக்குப் பிறகு அண்ணி சொன்ன முழு வாக்கியம் அதுதான். ஒலிபெருக்கியில் காற்று மட்டும் இரைந்தது. எனக்குச் சிரிப்பு முட்டியது, சாவு ஒப்பாரியில் சிரிக்கிறோமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அண்ணி ஒரு படி இறங்கினார். இன்னொரு படி இறங்கினார். வாசலில் மண்ணில் உட்கார்ந்தார். அக்கா விட்ட அதே இழுவையை எடுத்து, அந்த மலையில் எதிர்ச்சரிவுக்குக் கேட்கிற பழைய குரலில், பொய்யைத் திருத்தித் தானே தொடங்கினார்.

"சம்பள நாளையில – நீங்க
தள்ளாடி வந்தாலும்
கதவத் தட்டி வந்தீங்களே – இப்ப
கதவுந்தான் தட்டலயே"

அடுத்த வரி வரவில்லை. கதறல்தான் வந்தது. மலையில் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு ராத்தா கூடையைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடினார். சிங்கள அம்மாவுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அவரும் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதார். பாண்காரர் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றார். அந்தச் சந்தில் எத்தனை வீட்டில் எத்தனை பேர் எதற்காக அழாமல் இருந்தார்களோ, எனக்குத் தெரியாது. அன்றைக்கு எல்லோரும் அழுதார்கள்.

சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பது எல்லா இனத்துக்கும் பொது. அழுகை அடங்கிய பிறகு அந்த வீடு ஒருவழியாகச் சாவு வீடாகிவிட்டது. இனி என்ன செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ராத்தா வீட்டிலிருந்து சோறும் பருப்பும் வந்தது. சிங்கள அம்மா கிழங்குக் கறி கொண்டுவந்து வேலிக் கல்லில் வைத்துவிட்டு, முந்தியே வராததற்கு மன்னிக்க வேண்டும் என்று சொல்லச் சொன்னார். பாண்காரர் அந்த நசுங்கிய பாண்களையும் சேர்த்து ஒரு பை கொடுத்தார். கதவில் இருந்த காகிதத்தை நானே கிழித்தேன். யாரோ ஒரு கிழவி அண்ணியின் பொட்டைப் பற்றி வாயெடுத்தார். பொட்டில் கை வைத்தால் கையை முறிப்பேன் என்று நான் சொன்னதும் அடங்கிவிட்டார். இன்றைக்கும் அண்ணி பொட்டோடுதான் இருக்கிறார். ஒப்பாரி வைத்தால் மனநோய் தீரும் என்று நான் சொல்ல வரவில்லை. அது அவரைப் படி இறங்க வைத்தது, அவ்வளவுதான். மறுநாளே கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். மாத்திரை எடுத்தார், மாதக்கணக்கில் போய்வந்தார், நடுவில் இரண்டு தடவை பழையபடி சுருண்டார், மறுபடி எழுந்தார். இப்போது ராத்தாவும் அவரும் சேர்ந்து கோழி வளர்க்கிறார்கள். மாதத்தில் பாதி நாள் ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை இல்லை, அவ்வளவு சண்டை. எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது.

அந்த மாலையில் இன்னொன்றும் நடந்தது. ஊர்ச்சனம் அவரவர் வீட்டுக்குத் திரும்பிய பிறகு நான் சோற்றைப் போட்டு அண்ணிக்குக் கொடுத்தேன். இரண்டு கவளம் சாப்பிட்டார். மூன்றாவது கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவரை எப்படிக் கொண்டுபோனார்கள் என்று கேட்டார். அதுவரை அவர் கேட்டதே இல்லை. நான் எழுந்து பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே சொன்னேன். வெள்ளை வேன் வந்ததைச் சொன்னேன், பெட்டியைச் சுற்றிப் பொலித்தீன் இருந்ததைச் சொன்னேன், மழைக்கோட்டுப் போட்ட நாலு பேர் தூக்கியதைச் சொன்னேன், அவர்களில் ஒருவர் கும்பிட்டதைச் சொன்னேன். எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் சொன்னேன். சாப்பிடுங்கள், மருந்துக்கு நாளைக்குப் போக வேண்டும், நேரத்தோடு எழும்ப வேண்டும் என்றும் சொன்னேன். அண்ணி கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் புருஷன் போனாரு. ஒனக்கு அண்ணன் போயிட்டாரே. நீ எப்ப புள்ள அழுத?"

நேரம் கிடைக்கவில்லை அண்ணி என்றேன். அப்படிச் சொல்லத்தான் வந்தது. அண்ணி கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்தார். தள்ளி இருங்கள் என்று நான் பின்னால் போனேன், பின்னால் சுவர்தான் இருந்தது. இடைவெளியாவது மண்ணாவது என்று சொல்லி என் தோளில் கையைப் போட்டு, தரையில் இழுத்து உட்கார வைத்தார்.

"இப்ப அழு. நான் இருக்கேன்ல" என்றார்.